மாதம் ஒரு நெல்லின் அகலம்

காரைக்கால் மாவட்டப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு, வரலாற்றுச் சிறப்புமிக்க ஓர் அறிவிப்பு: தருமபுரத்தில், பொறியாளர் தியாகராசன் இல்லத்தின் சமையல் மேடை கடந்த ஏழு ஆண்டுகளில் எட்டரை அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. தரை இறங்கவில்லை. சுவர் இறங்கவில்லை. மேடையில் ஒரு கீறல்கூட விழவில்லை. மேலே கருங்கல் பலகை, கீழே தாங்கு சுவர், ஓரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, அதற்கு வரும் குழாய் எல்லாமாகச் சேர்ந்து, மாதம் ஒரு நெல்லின் அகலம் என்ற கணக்கில், அவசரமே இல்லாமல் இறங்கின. சில மாதங்கள் சன்ன ரகம், சில மாதங்கள் மோட்டா ரகம். மற்றபடி புயல், ஊரடங்கு, தேர்தல் எதற்கும் அது விடுப்பு எடுக்கவில்லை.

தியாகராசன் வாய்க்கால் மதகுகள் கட்டும் இலாகாவில் இளநிலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் பெயர்ப்பலகையில் இடம் போதாமல் ‘இளநிலை’ விடுபட்டுப் போயிற்று. ஐந்தடி பதினோரு அங்குல உயரம். அதைத் தன் பணிக்காலச் சாதனைகளில் ஒன்றாகவே அவர் கருதினார். கீழவாஞ்சூருக்கு மேற்கே நாலு மா நிலமும் ஓர் ஓட்டு வீடும் அவருக்குப் பூர்வீகம். அந்த வீட்டின் நிலைவாசல் ஐந்தடி. முப்பது ஆண்டுகளாகத் தன் வீட்டுக்குள் தானே குனிந்து நுழைந்து, மாதம் ஒரு முறையாவது நெற்றியில் இடித்துக்கொண்டு, அதன் விளைவாக ஒரு கொள்கைக்கு வந்து சேர்ந்தார். வெளியே லாரிச் சாலை அகலமாகி, காலையில் போட்ட கோலம் பத்து மணிக்குள் புழுதி மூடிப் போக ஆரம்பித்ததும் தருமபுரத்தில் மனை வாங்கினார். கடைக்கால் போட்ட அன்று, எலுமிச்சம்பழத்தையும் பூசணிக்காயையும் வைத்துக்கொண்டு காத்திருந்த சொந்தங்களின் முன்னால் இருபது நிமிடம் பேசினார். “இது தலை குனியாத வீடு. இந்த வீட்டுல யாரும், எதுக்கும், எந்தக் காலத்துலயும் குனிய வேண்டியதில்ல.” அவர் மனைவி அமுதத்துக்கு ஓட்டு வீட்டிலும் குனிய வேண்டியிருந்ததில்லை. அவள் குள்ளம். எவ்வளவு குள்ளம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கதை பின்னால் அங்கேதான் வந்து நிற்கப் போகிறது.

வீடு கட்டியவர் அப்துல் லத்தீப் கொத்தனார். ஊரில் பாதி வீடுகளின் சமையல்கட்டு அவர் கை பட்டது. அவருக்கென்று ஒரு முறை உண்டு. மேடை கட்டுவதற்கு முந்தின நாள் அந்த வீட்டுப் பெண்ணை வரச் சொல்வார். சுவரை ஒட்டி நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, மடக்கிய முழங்கைக்கு நாலு விரல் கீழே கரித்துண்டால் கோடு கிழிப்பார். அதுதான் மேடை. அன்றைக்கும் கேட்டார்.

“சார், அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. நிக்க வெச்சு அளவு எடுத்துக்குறேன்.”

“அவ எதுக்கு பாய்? நாந்தான் நிக்கிறேனே.”

“சமைக்கிறது அவங்க சார்.”

“நூறு வருஷம் நிக்கப்போற வீடு. இன்னைக்கு சமைக்கிறவங்களுக்கு மட்டுமா கட்டுறது? எங்க வம்சமே ஒசரம். குனிஞ்சு சமைச்சா முதுகெலும்பு போயிடும். இதெல்லாம் விஞ்ஞானம்.”

“அப்ப பொதுவா வைக்கிற முப்பத்திரண்டரை அங்குலம் வெச்சுரவா?”

“பொதுவா வைக்கிறது பொதுசனத்துக்கு,” என்றார் தியாகராசன். சுவரோரம் போய் நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முழங்கையை மடக்கினார். லத்தீப் நாலு விரல் விட்டுக் கோடு போட்டார். நாற்பத்தொரு அங்குலம். அதே முறையில், அதே ஆளின் உடம்பை வைத்து, சுவிட்சுப் பலகைகள், பரண், முகம் பார்க்கும் கண்ணாடி, துண்டு போடும் கம்பி, தோரணம் கட்ட வாசல் நிலைக்கு மேலே பக்கத்துக்கு ஒரு கொக்கி எல்லாவற்றுக்கும் அளவு எடுக்கப்பட்டது. ஆறு கிலோமீட்டர் தள்ளி அமுதம் குதிரில் இருந்த நெல்லை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஏறினால் இருபது நிமிடம்.

ஆவணியில் புதுமனை புகுவிழா. பால் பொங்கிய கையோடு அமுதம் சமையல்கட்டுக்குள் போனாள். மேடை அவள் மார்புக்கு வந்தது. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் குண்டான். “ஏங்க, இது சமையக்கட்டா, பேங்கு கவுன்ட்டரா? உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு எட்டிப் பாக்க வேண்டியிருக்கு,” என்றாள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள், தியாகராசனும் சிரித்தார். அதோடு அந்தப் புகார் பைசல் ஆயிற்று. மறுநாளிலிருந்து அமுதம், சடங்குகளில் உட்கார வைத்திருந்த பலா மணையைத் தரையில் போட்டு அதன்மேல் நின்று சமைத்தாள். தாளிக்க மணைமேல் ஏற வேண்டும், உப்பு எடுக்க இறங்க வேண்டும், சோறு வடிக்க மறுபடி ஏற வேண்டும். சாம்பார் வைக்கும் நாளில் பதினாறு முறை என்று பக்கத்து வீட்டு ஆஸியா பீவி ஒருமுறை எண்ணிச் சொன்னாள். “ஒங்க வூட்டுல சமைக்கிறதுக்கு மலையேறிட்டு வந்துரலாம்க்கா.” கூடத்துக் கண்ணாடியில் அமுதத்துக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். “பொட்டு வைக்க நெத்தி தெரிஞ்சா போதாதா,” என்று அதையும் அவள் முடித்துவைத்தாள். பழைய பொட்டுகளை அவள் ஒட்டி வைத்தது கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில். அவள் கைக்கு எட்டிய இடம் அதுதான்.

புது வீட்டுக்கு வந்த பிறகு தியாகராசனுக்கு வேலை கூடிப்போயிற்று. ஓய்வு பெற்ற பொறியாளருக்கு வீடு என்பது முடிவுறாத அரசுத் திட்டம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு நிழற்கூரை, வாசலில் சறுக்குப் பாதை, மழைநீர்க் குழி, அந்தக் குழிக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பெயர்ப்பலகை என்று வரிசையாக நடந்தேறின. பண்டிகைகள் வந்தபோது அவையும் இந்தத் திட்டங்களுக்குள் வந்து சேர்ந்தன. முதல் கார்த்திகைக்கு வரைபடத்தாளில் வீட்டின் முன்தோற்றத்தை வரைந்து, நூற்றெட்டு அகல் விளக்குகளுக்கும் எண் கொடுத்தார். அமுதம் எண்ணெய் ஊற்றிக்கொண்டே போக, இவர் தெருவில் நின்று, “அறுபத்தேழு அணைஞ்சுருக்கு பாரு,” என்று தகவல் சொன்னார். பொங்கலுக்குத் தோரணம், கரும்பு, மஞ்சள் கொத்து, சீரியல் பல்பு எல்லாம் வரைபடத்தில் சிவப்பு, பச்சை மையில் இருந்தன. தருமபுரம் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் சோமசேகரன், ‘சிறந்த பண்டிகை அலங்காரம்’ என்று ஒரு சான்றிதழ் அச்சடித்து, தானே எழுதி, தானே கையெழுத்திட்டு, தியாகராசனுக்கு வழங்கினார். அது கூடத்தில் மாட்டப்பட்டது. அதில் அமுதத்தின் பெயர் இல்லை. இடம் போதவில்லை.

இரண்டாவது பொங்கலுக்கு முந்தின நாள், போகியன்று, காலை ஒன்பதே முக்கால் மணிக்குத் தோரணம் கட்டும் வேலை நடந்தது. கொக்கி ஏழரை அடி உயரத்தில் இருந்தது. தியாகராசன் கையைத் தூக்கியிருந்தால் எட்டியிருக்கும். ஆனால் அவர் கையில் வரைபடம் இருந்தது. மேற்பார்வை பார்ப்பவர் வேலை செய்வது இலாகா வழக்கத்திலும் இல்லை. அமுதம் நாற்காலி போட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. பிளாஸ்டிக் முக்காலி போட்டு, அதன்மேல் மணையைப் போட்டு, அதன்மேல் ஏறினாள். ஒரு பக்கம் கட்டிவிட்டாள். மறுபக்கமும் கட்டி முடித்தபோது தியாகராசன் கீழே இருந்து, “இன்னும் ரெண்டு அங்குலம் மேல,” என்றார். அமுதம் குதிகாலைத் தூக்கினாள். மணை நழுவியது. விழுந்தவளின் பின்மண்டை வாசற்படியின் விளிம்பில் பட்டது. அந்த விளிம்பை வழவழப்பான கருங்கல்லில், கூராக, அவர்தான் விரும்பிப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஊரே பொங்கல் வைத்த நாளில் அந்த வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பதுதான் வழக்கம். தியாகராசன் முதல் ஆளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஆளிடம், “கொக்கிய ரொம்ப ஒசரத்துல வெச்சுட்டான் கொத்தனாரு,” என்றார். அது வாயிலிருந்து வந்த பிறகு, தொடர்ந்து வருவது சுலபமாக இருந்தது. கருமாதிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: லத்தீப் பாய் அளவைத் தப்பாக வைத்தார், ஒரு பெண் செத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் லத்தீபை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அடுத்த இரண்டு தெருக்களிலும் இல்லை. அவர் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. மேடைக்கு ஆள் நிறுத்தி அளவெடுப்பது அவர் முறையென்று ஊருக்குத் தெரியும். யாரை நிறுத்தினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, சொந்தங்கள் போன பிறகு, கூடத்து விளக்கைப் போடக் கை நீட்டிய தியாகராசனின் விரல் சுவிட்சின் மேல் விளிம்பில் பட்டது. சுவிட்சு ஒரு நெல்லின் அகலம் கீழே இருந்தது. தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டார். மாசியில் மேடையும் கண்ணாடியும், பங்குனியில் பரண், சித்திரையில் வாசல் நிலையும் கொக்கியும் என்று, ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் இறங்க ஆரம்பித்தன. கொக்கி நெடுந்தூரம் வர வேண்டியிருந்ததால் மேடையைவிட இரட்டை வேகம். கதவும் நிலையோடு சேர்ந்து குட்டையானது, தச்சரைக் கூப்பிட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. எல்லாம் இறங்கவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். மின்விசிறி இறங்கவில்லை. பாராட்டுச் சான்றிதழ் மாட்டியிருந்த ஆணியும் வாசல் பெயர்ப்பலகையும் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அமுதத்துக்கு அவற்றால் எந்த வேலையும் இருந்ததில்லை.

முதலாண்டு முழுவதும் தியாகராசன் அதை யாருக்கும் சொல்லாமல் அளந்துகொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டு, மேடையை இடித்து, நாகூரிலிருந்து வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்து, அதே நாற்பத்தொரு அங்குலத்தில் புதிதாகக் கட்டினார். பூச்சு காய்ந்த வாரத்தில் புது மேடை பழைய மேடை விட்டுப்போன இடத்துக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து தொடர்ந்தது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சோமசேகரன் நலச்சங்கத்தின் சார்பில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், ஓய்வு பெறாத ஜோதிடர் ஒருவர், சோமசேகரன் ஆகியோர் இடம்பெற்றனர். மூன்று அமர்வுகள், மூன்றிலும் கேசரி, காபி. நாற்பத்திரண்டு பக்க அறிக்கையின் முடிவு, கடலோர மண் அமிழ்வு என்பது. மண் அமிழ்ந்தால் சுவரும் அல்லவா இறங்க வேண்டும் என்று தண்ணீர்க் குழாயை வைத்து மட்டம் பார்த்துத் தியாகராசனே கேட்டார். அதை அடுத்த அமர்வில் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அறிக்கை வெளியீட்டு விழாவுக்குத் தெருமுனையில் வைத்த பேனரில் சோமசேகரனின் முகம் இருந்த பாதியை ஆஸியா பீவியின் ஆடு தின்றுவிட்டது. விழா தள்ளிவைக்கப்பட்டது, இன்னும் தள்ளியே இருக்கிறது. மாங்கனித் திருவிழாவுக்கு வந்த வெளியூர்ச் சொந்தங்கள் சில ஆண்டுகள் மேடையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாதத்துக்கு ஒரு நெல் அகலம் என்பதை நின்று பார்க்க முடியாது என்பதால் அந்தக் கூட்டமும் குறைந்தது. மீன் கொண்டுவரும் கிளிஞ்சல்மேட்டு அம்மாள் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்து பார்த்து, “எறங்கட்டும், எறங்கட்டும். அந்தப் புள்ள ஏறுனது போதும்,” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

சாவு நடந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கிடையாது. தோரணம் இல்லை, பலகாரம் இல்லை, அக்கம்பக்கத்தார் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுத் திதி கொடுத்ததும் வீடு பழையபடி கொண்டாடலாம் என்பது முறை. தியாகராசன் வீட்டில் ஓராண்டு ஏழாண்டு ஆனது. வரைபடத்தாள் சுருளைப் பரணில் போட்டார். பரண் இறங்க இறங்க அது அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. போகி, பொங்கல், கார்த்திகை எல்லாம் தெருவில் நடந்தன. ஆஸியா பீவி நோன்புக் கஞ்சியும் பிரியாணியும் கொடுத்தனுப்பினாள், பொங்கலும்கூட அவளே வைத்துக் கொடுத்தாள். “சக்கரை கம்மிதான்ணே. எங்க வூட்டுல வைக்கிற பொங்கலு, முன்னப்பின்ன இருக்கும்.” ஒரே மகள் எழில்மதி கும்பகோணத்தில் வங்கி வேலையில் இருந்தாள். திதிக்கு மட்டும் வருவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பை தூக்கிவிடுவாள். அப்பாவிடம் அவள் பேசியதெல்லாம் மாத்திரை சம்பந்தப்பட்டது. முதல் திதியன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்தக் கொக்கி ஒசரத்த யாருப்பா முடிவு பண்ணது?” “கொத்தனாரு,” என்றார் அவர். அவள் அவரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தலை குனியாத வீட்டில் தியாகராசன் குனியத் தொடங்கியது நாலாம் ஆண்டில். அதுவரை நிலைவாசல் தலைக்கு மேலே இருந்தது. அந்த ஐப்பசியில் முதன்முறையாக நெற்றியில் இடித்தது, அதே பழைய இடத்தில், ஓட்டு வீட்டு நிலை இடித்த தழும்பின்மேலேயே. பிறகு பழகிவிட்டது. சோறு வடிக்கக் குனிந்தார், விளக்குப் போடக் குனிந்தார், முகம் மழிக்கக் கால்களை அகட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன் பாதி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாகக் காய்ந்துபோய் ஒட்டியிருந்த பொட்டுகளைப் பக்கத்தில் பார்த்தார். பதினேழு இருந்தன. சோப்பு நுரை காயும்வரை எழுந்திருக்கவில்லை.

ஏழாம் ஆண்டு ஐப்பசியில், மழை விட்ட ஒரு பகலில், அவர் லத்தீபின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். லத்தீபுக்கு வயது அறுபத்தாறு. கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகன் கடையில் உட்கார ஆரம்பித்திருந்தார். உள்ளே வரச் சொன்னார். தியாகராசன் வரவில்லை. “மேடைய ஒடைச்சுக் கட்டணும் பாய். எறங்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியல. ஒரேயடியா சரியான ஒசரத்துல கட்டிப்புடணும். நீங்கதான் வரணும்.” லத்தீப் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தான் கட்டிய வாசலில் தலை இடிக்காமல் நுழைந்தார், அவர் நடுத்தர உயரம். சமையல்கட்டில் நின்று கரித்துண்டை எடுத்தார்.

“சரி சார். அளவு சொல்லுங்க.”

தியாகராசன் வாயைத் திறந்தார். அளவு வரவில்லை. திருமலைராயனாற்று மதகின் அளவு அவருக்கு அங்குலச் சுத்தமாக ஞாபகம் இருந்தது. மழைநீர்க் குழி மூடியின் விட்டம் ஞாபகம் இருந்தது. அமுதத்தின் உயரம் அவருக்குத் தெரியாது. பீரோவைத் திறந்து தேடினார். ஆதார் அட்டையில் உயரம் போடுவதில்லை. குடும்ப அட்டையில் இல்லை, வாக்காளர் அட்டையில் இல்லை. பாஸ்போர்ட் எடுத்ததில்லை. பள்ளிச் சான்றிதழில் இடது புறங்கையில் ஒரு மச்சம் என்று இருந்தது. அந்த மச்சத்தையும் அவருக்கு நினைவில்லை. லத்தீப் சுவரில் சாய்ந்து நின்றார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தியாகராசன் மகளுக்குப் போன் போட்டார்.

“எழிலு, அம்மா எவ்ளோ ஒசரம்மா?”

அந்தப் பக்கம் வங்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். “முப்பத்தோரு வருஷம் கூட இருந்தது நீங்கப்பா.”

“அதான் கேக்குறேன்.”

“என் தோளுக்குக் கொஞ்சம் மேல வருவாங்க. அங்குலக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியாது.”

“மேடைக்கு அளவு குடுக்க நாந்தாம்மா நின்னேன். எல்லாத்துக்கும் நாந்தான் நின்னேன். பாய் மேல தப்பில்ல.”

“தெரியும். அம்மா அப்பவே சொல்லிச் சிரிச்சாங்க. ‘ஒங்கப்பா எனக்குப் பதிலா போயி நின்னுட்டு வந்துருக்காரு, தீவாளிக்கு ஜாக்கெட்டும் அவரு அளவுலயே தைக்கப் போறாரு’ன்னு. நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

தியாகராசன் மேடையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொண்ணு இருக்கு. அன்னைக்கு அவ கட்டிமுடிச்சிட்டா எழிலு. ரெண்டு அங்குலம் மேலன்னு நாந்தான் சொன்னேன்.”

இதை எழில்மதிக்கு அமுதம் சொல்லியிருக்க முடியாது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், அறுபடவில்லை. “வைக்கிறேன்ப்பா,” என்றாள். வைத்துவிட்டாள்.

லத்தீப் கரித்துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டேப்பை எடுத்து மேடையை அளந்தார். முப்பத்திரண்டே முக்கால். “தானா எறங்குறத எதுக்கு சார் ஒடைக்கணும்? இன்னும் ரெண்டு மூணு மாசம் பாப்போம். அவங்க வந்து நிக்காத கொறைக்கு அதுவாத்தான் அளவெடுத்துக்கிட்டு இருக்கு,” என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். கூலி பேச்சு எழவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் தியாகராசன் எழுந்து, அளவு தன்னுடையது, கொத்தனாருடையதல்ல என்று சொன்னார். பின்வரிசைக்குக் கேட்காததால் ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. சோமசேகரன் அதைத் தீர்மானப் புத்தகத்தில், தெருவிளக்குக்கும் நாய்த் தொல்லைக்கும் நடுவே, ஆறாவது பொருளாகப் பதிவு செய்து, பின்னர் பரிசீலிக்கப்படும் என்று குறித்தார். லத்தீபுக்கு அந்தத் தெருவில் மறுபடி வேலை வந்தது. முழங்கால் வலி என்று அவர் ஏற்கவில்லை.

மார்கழி பிறந்தபோது மேடை நின்றது. மார்கழிக் கடைசியில் மறுபடி அளந்தார், அதே அளவு. சுவிட்சுகள் நின்றிருந்தன, கண்ணாடி நின்றிருந்தது, கொக்கியும் ஐந்தடி பத்து அங்குலத்தில் நின்றிருந்தது. தியாகராசன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையிலிருந்து நாலு விரல் கூட்டி முழங்கை, முழங்கையிலிருந்து ஆள் உயரம் என ஒரு கணக்கு. சுவிட்சிலிருந்து ஒரு கணக்கு, கண்ணாடியிலிருந்து ஒன்று, கையைத் தூக்கினால் எட்டும் கொக்கியிலிருந்து ஒன்று. நான்கும் ஒரே விடை சொன்னன. நான்கடி எட்டரை அங்குலம். கல்யாணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, செத்து ஏழு ஆண்டுகள் கழித்து, அமுதத்தின் உயரம் அவருக்குத் தெரிந்தது. காகிதத்தில் கீழே கோடு போட்டு, வழக்கம்போலத் தேதியிட்டுக் கையெழுத்திட்டார். பிறகுதான் மேடையின் அளவைத் திரும்பப் பார்த்தார். முப்பத்திரண்டரை அங்குலம். காரைக்காலில் ஏறக்குறைய எல்லா வீட்டு மேடையும் அதே உயரம்தான். பொதுவாக வைப்பது.

போகியன்று காலை எழில்மதி சொல்லாமல் வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் மாவிலைக் கொத்து. வாசலில் தலையை லேசாகச் சாய்த்து நுழைந்து, அம்மாவின் படத்துக்கு முன் சற்று நேரம் நின்றாள். சணலை வெட்டித் தோரணம் கோத்தாள். அவர் கரும்புத் தோகையைக் கழித்தார். ஆஸியா பீவி மதில்மேல் தலையை நீட்டி, “வந்துட்டியா புள்ள? இந்த வருஷம் பொங்கலு ஒங்க வூட்டுல, பிரியாணி எங்க வூட்டுல,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பதே முக்கால் மணி இருக்கும். எழில்மதி வாசலுக்குப் போனாள். முக்காலி வேண்டியிருக்கவில்லை, மணை வேண்டியிருக்கவில்லை, குதிகாலைத் தூக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் கட்டினாள். மறுபக்கம் கட்டிவிட்டு, முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள்.

“சரியா இருக்காப்பா?”

தோரணம் இடது பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. தெருவில் போகிற யாருக்கும் அது தெரியும். தியாகராசன் அந்த வாசலைப் பார்த்தார், படியின் விளிம்பைப் பார்த்தார். “சரியா இருக்கும்மா,” என்றார். சொன்ன பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் வந்து, அந்தப் படியில், ஓரடி தள்ளி உட்கார்ந்தாள். போகிப் புகை தெருவில் மிச்சமிருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் எழுந்து அம்மாவின் மேடையில் உலை வைக்கப் போனாள். அவளுக்கு அது குட்டை. குனிந்தாள். அவர் பின்னாலேயே போய், அரிசி எங்கே இருக்கிறது என்று காட்டக் குனிந்தார்.

பத்தரை மணிக்கு ஆஸியா பீவியின் ஆடு வந்து, முன்னங்கால்களை நிலையில் ஊன்றி எழுந்து நின்று, தோரணத்தைத் தின்றுவிட்டுப் போனது.